ஒலி ஒன்று, பொருள் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் என் மாணவி ஒருத்தி, எழுதுபொருள் கடையொன்றில் வேலை கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தைக் காட்டினாள். அதில் 'ஸ்டேஷனரி' என்ற சொல்லில் 'ஈ' (e) வரவேண்டிய இடத்தில் 'ஏ' (a) போட்டிருந்ததால், எழுதுபொருள் என்ற பொருள் போய், அசையாமல் நிற்பது என்றாகியிருந்தது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தி அதைச் சுட்டவில்லை.

உண்மையில் இரண்டும் ஒரே இலத்தீன் வேரில் பிறந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்காமல், ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரே 'ஸ்டேஷனர்'. அவருடைய சரக்குதான் 'ஸ்டேஷனரி'. அந்த வணிகரின் பெயர் 'ஈ, ஆர்' என்று முடிவதைச் சொன்னதும் அவளுக்கு எழுத்து மனத்தில் பதிந்துவிட்டது.

தலைமையாசிரியரையும் கொள்கையையும் குறிக்கும் இரு 'பிரின்சிபல்'களிலும் இதே தடுமாற்றம்தான். 1860இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கு வந்திறங்கியவர்களின் வழிவந்த நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்டது. காதால் பழகிய மொழியில் எழுத்து தடுமாறுவது இயல்பே. தமிழ் வகுப்பிலோ ஒலி, ஒளி, ஒழி மூன்றையும் அவர்கள் ஒரே மாதிரி உச்சரிக்கிறார்கள். தனிச்சொல்லாக மனப்பாடம் செய்வித்தபோது நிற்காத வேறுபாடு, சிறு வாக்கியங்களில் வைத்துக் காட்டியபோது நின்றது.

ஆகவே தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், வாரம் ஓர் ஆங்கில இணையையும் ஒரு தமிழ் இணையையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தமிழாசிரியை ஒருவர், சாட்ஸ்வொர்த்