திங்கட்கிழமை வார்டுக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி,

அட்மிஷன் திங்கட்கிழமை என்று உன் அம்மா போனில் சொன்னார். நீ எதுவும் கேட்கவில்லையாம், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம். கேட்காவிட்டாலும் உன் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும், பதின்வயதுப் பிள்ளைகளின் மனநல வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். சங்கிலி, மொட்டை, கரண்ட் ஷாக். இதுதானே? முதலில் அதை முடித்துவிடுவோம்.

சங்கிலி பயம் சும்மா வந்ததில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்ததால் தப்பி ஓட வழியில்லாமல் 28 பேர் செத்துப்போனார்கள். இன்றைக்கு 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது, தனியறையில் பூட்டக் கூடாது, கட்டாயப்படுத்தி மொட்டை போடக் கூடாது, உன் சொந்த உடுப்பையே நீ போட்டுக்கொள்ளலாம். ஷாக் சிகிச்சையை மயக்க மருந்து இல்லாமல் யாருக்குமே கொடுக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, நோயாளிகளின் உரிமையைக் காக்க இந்தச் சட்டப்படி அமைத்த மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். சினிமாவில் பார்த்ததை எல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு வா.

அட்மிஷனுக்கு முன்னால் இரண்டு பேர் உன்னைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள், அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருப்பார், இருவருமே சேர்க்கத்தான் வேண்டும் என்றால்தான் சேர்ப்பார்கள். பெரியவர்கள் இருக்கும் வார்டில் உன்னைப் போட மாட்டார்கள். அப்புறம் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். பெல்ட், ஷூ லேஸ், ஹூடியின் கயிறு, கண்ணாடியில் வரும் சென்ட் பாட்டில் எல்லாம் நர்ஸ் மேஜைக்குப் போய்விடும், கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்காது. கோபம் வரும், வரட்டும், ஆனால் இது உனக்காகத் தனியாகப் போட்ட விதி இல்லை, உனக்கு முன்னால் வந்த எல்லாரும் இதைத் திட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். போன் விஷயம் இடத்துக்கு இடம் மாறும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்.

முதல் வாரம் செமையாக போரடிக்கும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். தைராய்டு, ரத்தசோகை என்று ரத்தம் எடுப்பார்கள், ஏனென்றால் தைராய்டு குறைந்தாலும் ஆள் சோர்ந்து சுருண்டு படுத்துவிடுவது உண்டு. பயிற்சி மருத்துவர், மேல்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர், சைக்காலஜிஸ்ட், சோஷியல் ஒர்க்கர் என்று ஒவ்வொருவராக வந்து அதே கதையை முதலிலிருந்து கேட்பார்கள். மூன்றாவது ஆளிடம் "ஃபைல்ல இருக்கு, பாருங்க" என்று சொல்லத் தோன்றும், தாராளமாகச் சொல். மாத்திரை கொடுத்துவிட்டு நர்ஸ் நகர மாட்டார், வாயைத் திறந்து காட்டச் சொல்வார். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், ஆனால் வயிற்றுப் புரட்டலும் தூக்கக் குழப்பமும் முதல் சில நாளிலேயே வந்து நிற்கும். அதனால்தான் நிறையப் பேர் இந்த மாத்திரை சரியில்லை என்று நான்காம் நாளே முடிவு கட்டிவிடுகிறார்கள். படபடப்போ தப்பான யோசனையோ முன்னைவிட அதிகமானால் மட்டும் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதே, நடுராத்திரி ஆனாலும் நர்ஸை எழுப்பு.

உண்மையில் உனக்குக் கஷ்டமாக இருக்கப்போவது டாக்டரோ மாத்திரையோ இல்லை, உன் அம்மா. வெளிநாட்டுப் படங்களில் பையனை விட்டுவிட்டுப் பெற்றோர் காரில் போய்விடுவார்கள். இங்கே பதினெட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளையோடு வீட்டு ஆள் ஒருவர் கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், சட்டமே அப்படித்தான். நீ எந்த வீட்டுச் சண்டையிலிருந்து தப்பிக்கக் கதவைச் சாத்தினாயோ அது பாயையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்து படுக்கும். தண்ணீர் பிடிக்கப்போன இடத்தில் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் உன் டென்த் மார்க் பேசப்படும். டாக்டர் உன்னிடம் "ராத்திரி தூக்கம் எப்படி?" என்று கேட்டால், "எங்க சார், ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுட்டுக் கிடந்தான்" என்று பதில் அங்கிருந்து வரும். ஆனால் டாக்டர் அதையும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார். "அவனே சொல்லட்டும்மா" என்று அவர் சொல்லும் நாளில் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகும், அன்றைக்குத்தான் சிகிச்சை உங்கள் இரண்டு பேருக்கும் ஆரம்பிக்கிறது என்று நான் நினைப்பேன். அம்மாவுக்கும் தனியாக கவுன்சலிங் நேரம் ஒதுக்குவார்கள். அவர் அழுதுவிட்டு வந்தால் உன்னால்தான் என்று எடுத்துக்கொள்ளாதே.

அம்மா இல்லாமல் பேசவேண்டும் என்றால் கேள், ஏற்பாடு செய்வார்கள். நீ சைக்காலஜிஸ்ட்டிடம் சொல்வது எல்லாம் அம்மாவிடம் போகாது. ஆனால் உன் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்றால் அவர் சொல்லித்தான் ஆகவேண்டும். பாலியல் தொந்தரவு நடந்திருந்தால், போக்ஸோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் அவர்களுக்கு இருக்கிறது. இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு பேசுவது நல்லது, பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் சர்ட்டிபிகேட்டில் என்ன எழுதுவார்கள் என்பதையும் டாக்டரிடம் நேராகக் கேள்.

எத்தனை நாள் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது. முப்பது நாள் ஆகிவிட்டால் வாரியத்துக்கு உடனே தகவல் போகும், ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் பரிசீலிப்பார்கள். அதற்குள் நீ முழுசாகச் சரியாகிவிடுவாய் என்று நான் சொல்லப்போவதில்லை. வார்டு உன்னைத் தூங்கவைத்து, சாப்பிடவைத்து, ஆபத்தான கட்டத்தைத் தாண்டவைக்கும், மீதி வேலை ஓ.பி.யில் மாதக்கணக்கில் நடக்கும். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரம்தான் ரொம்ப வழுக்கும். வீட்டில் எல்லாரும் சரியாகிவிட்டான் என்று நினைப்பார்கள், அத்தை ஸ்வீட்டோடு வந்து நிற்பார், நீயும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பாய். நிறுத்தாதே. அடுத்த ஓ.பி. தேதியை வார்டிலேயே எழுதி வாங்கிக்கொள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, இப்போதே போனில் போட்டு வை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். திங்கட்கிழமை வரைக்கும் தாங்காது என்று தோன்றினால் போன் செய்துவிட்டு அம்மாவை எழுப்பு, நேராக கேஷுவால்ட்டிக்கு வந்துவிடுங்கள். அட்மிஷன் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அக்கா