அடையாற்றங்கரையில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று, சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டியுள்ள தொல்காப்பியப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். "நாத்தம் பிடிச்ச தண்ணிப் பக்கம் என்ன பாடம்?" என்று சிலர் வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பாடத்தையே அந்த நாற்றத்திலிருந்து தொடங்கப் போகிறோம்.

கழிவுநீரை நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்க, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்புறம் சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு உண்டாகிறது. பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அந்த அழுகிய முட்டை வாடை இதுதான்.

கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் இடத்தைச் சீர்செய்து 2011 ஜனவரியில் திறந்த பூங்கா இது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் கழிமுகம் வழியாக உள்ளே வருவதால் இங்கே அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. புத்தகத்தில் படமாகப் பார்த்த சுவாச வேர்கள் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பதை நேரில் பார்க்கலாம். நீர்க்காகம், மீன்கொத்தி, நாமக்கோழி கண்ணில் பட்டால் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். நடைபாதையும் பெஞ்சும் போட்டுவிட்டால் ஆறு சுத்தமாகிவிடாது. மேலே இருந்து சாக்கடை வந்துகொண்டே இருந்தால் பூங்கா மட்டும் என்ன செய்யும்? அதனால் திரும்பி வந்ததும் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களின் மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று பிள்ளைகள் வரைபடம் போடுவார்கள். எந்த வீட்டுக் கழிவுநீர் அதில் கலக்கிறது என்பதும் தெரிந்துவிடும். சங்கடம்தான், ஆனாலும் தெரியட்டும்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அடையாற்றோடு சேரும் பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகுகள் வந்த காலத்தைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கவலை வேண்டாம். தண்ணீரில் எந்தப் பிள்ளையும் கை வைக்காது; மாதிரி எடுப்பதை அறிவியல் ஆசிரியர் கையுறை போட்டுச் செய்வார். ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில் போதும். சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். சுண்டல் கொடுத்து அனுப்புங்கள். வீசிங் உள்ள பிள்ளைகள் இன்ஹேலர் கொண்டுவர வேண்டும், வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட வர விரும்பும் பெற்றோரும் வரலாம்.

ஒப்புதல் சீட்டைக் கையெழுத்திட்டு வரும் புதன்கிழமைக்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்