அரை கேன் நீலத் தண்ணி

அன்புள்ள எல்லோருக்கும்,

வந்து சேர்ந்துவிட்டோம். இரண்டு பேரும் முழுசாக இருக்கிறோம். வான்கூவர் பக்கத்துச் சர்ரேயில் தம்பி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பதினொன்றாகியும் பக்கத்து அறையில் இவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இந்தக் குறட்டையை இவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்குக் கால்கரியிலிருந்து காரில் இங்கே வரும் வழியில், மலைக்கு நடுவே கோல்டன் என்கிற ஊரில் கடைசியாகப் பேசிவிட்டு வைத்தோம். அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் எங்கள் போனிலிருந்து சத்தமே இல்லை. அந்த ஆறு மணி நேரம் உங்கள் பக்கம் எப்படிப் போனது என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் பக்கம் எப்படிப் போனது, வண்டி எத்தனை சுற்று சுற்றி எந்தத் திசை பார்த்து நின்றது என்பதைத் திரும்ப எழுத என்னால் இப்போதைக்கு ஆகாது. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மொத்தமாகச் சில கடன்கள். விண்டர் டயர் மாட்டு, மாட்டு என்று அக்டோபரிலிருந்தே இவரை நச்சரித்த ஆபீஸ் நண்பருக்கு. ஆல்பர்ட்டாவில் சட்டம் கேட்காது. மலை தாண்டிப் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போனால் குளிர்காலம் முழுக்க அந்த டயர் இல்லாமல் மலைச்சாலையில் ஓட்டக் கூடாது. "வருஷத்துக்கு ஒரு தடவை போறதுக்கு இவ்ளோ செலவா?" என்று முணுமுணுத்தவள் நான். சாலை நிலவரம் சொல்லும் டிரைவ்பிசி இணையப் பக்கத்தைப் பத்து நிமிடத்துக்கொரு தடவை பார்த்து, படிக்க ஆளில்லாத போனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்த தம்பிக்கு. நடுராத்திரியில், கோல்டனுக்கு அடுத்த ஊரான ரெவல்ஸ்டோக்கின் மோட்டலில் பணம், கார்டு எதுவும் கேட்காமல் முதலில் சாவியைக் கையில் கொடுத்து, "காலையில் பேசிக்கலாம், போய்ப் படுங்க" என்ற அம்மாவுக்கு. மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, காசு வாங்க மறுத்த மெக்கானிக்குக்கு. இங்கே ராத்திரி என்றால் திருநெல்வேலியில் மறுநாள் பகல். போகியும் அதுவுமாக அடுப்பே பற்ற வைக்காமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் அம்மாவுக்கு. (அம்மாவிடம் உளறியது யார் என்று தெரியும். அவனிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.)

அப்புறம், பனி வழிக்கிற வண்டிக்காரர்கள். இவர்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில், ரோஜர்ஸ் கணவாய்க்கு முன்னால் பாதையை மூடி எங்களை வரிசையில் நிறுத்தியபோது நான் நன்றாகத் திட்டினேன். அந்தக் கணவாயில் மலைமேல் குவிந்திருக்கும் பனியை, அது தானாக உருண்டு வரும் முன்னே ராணுவம் பீரங்கி வைத்துச் சுட்டு இறக்குகிறது. 105 மில்லிமீட்டர் ஹோவிட்சர் வகை, நிஜப் பீரங்கி. சுடும்போது கீழே சாலையில் ஒரு வண்டி இருக்கக் கூடாது. இறங்கிய பனியை வழித்த பிறகுதான் திறப்பார்கள். மறுநாள் தம்பி இன்னொன்றும் சொன்னான். 1910 மார்ச் 4ஆம் தேதி ராத்திரி, சாலை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால், அங்கே ரயில் பாதைமேல் ஒரு சரிவு விழுந்திருக்கிறது. அதை அள்ளிக்கொண்டிருந்த ஆட்கள்மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு. 58 பேர் போய்விட்டார்கள். பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கேட்டதிலிருந்து, வரிசையில் உட்கார்ந்து நான் திட்டியதெல்லாம் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

இனி, இந்த மடலை எழுத வைத்த ஆளுக்கு வருகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கப்போவதில்லை. பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

கிளம்புகிற அன்று கால்கரியில் டிக்கி நிரம்பிவிட்டது. எனக்கு அம்மா சீர் கொடுத்த வெண்கலப் பானையைப் பொங்கலுக்குக் கொண்டுபோயே தீருவேன் என்று நின்றேன். இடமில்லை. மூலையில் வாஷர் ஃப்ளூயிட் கேன் ஒன்று இருந்தது, கண்ணாடியில் அடிக்கிற அந்த நீலத் தண்ணி. "இது எந்த பங்க்லயும் கிடைக்கும்" என்று தூக்கி கராஜில் வைத்துவிட்டுப் பானையை உள்ளே வைத்தேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை.

குளிர்நாட்டில் ஓட்டாதவர்களுக்கு இது புரிய ஒரு வார்த்தை. பனி விழும்போது அவ்வளவு தொல்லையில்லை, வைப்பர் தள்ளிவிடும். தொல்லை, சாலையில் கிடக்கும் உப்பும் மண்ணும் கலந்த சேறு. முன்னால் போகிற லாரி அதை அப்படியே வாரி நம் கண்ணாடியில் அடிக்கும். வைப்பர் போட்டால் மோர் தெளித்துத் தேய்த்த மாதிரி வெள்ளையாகிவிடும். நிமிடத்துக்கு ஒரு தடவை நீலத் தண்ணி அடித்தால்தான் பார்வை. கோல்டனில் பெட்ரோல் போட்டோம், காபி குடித்தோம், இது நினைவில் இல்லை. அங்கிருந்து ரெவல்ஸ்டோக் 148 கிலோமீட்டர். கால் மணி நேரத்தில் டேங்க் காலி. மீதியைத்தான் எழுத மாட்டேன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்த வரிசை. இவர் இறங்கிக் கையால் பனியை அள்ளிக் கண்ணாடியில் தேய்த்தார், டிஷ்யூவால் துடைத்தார். ஒரு சாண் வட்டம் தெளியும், உள்ளே வந்து உட்காருவதற்குள் மறுபடி வெளுத்துவிடும். பாதை திறந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பின்னாலிருந்து ஒருவர் நடந்து வந்தார். தலைப்பாகை, அதற்கு மேல் ஜாக்கெட் தொப்பி, தாடியில் உறைபனி. லாரிக்காரர். கால் மரத்துப்போகாமல் இருக்கச் சும்மா நடந்திருப்பார் போல. எங்கள் கண்ணாடியைப் பார்த்து நின்றுவிட்டார். இந்தியில் ஏதோ கேட்டார். இவர் "இந்தி நஹி" என்றார். இவருக்குத் தெரிந்த மொத்த இந்தியும் அவ்வளவுதான். அவர் சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வந்தார்.

"தண்ணி காலியா?"

"காலி."

திட்டுவார் என்று நினைத்தேன். இந்த மலையில் இது இல்லாமல் வருகிறவர்களை யாராக இருந்தாலும் திட்டலாம். அவர் திரும்பி நடந்தார். இருபது வண்டி தள்ளி அவர் லாரி. போய்வரவே பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு கையில் பாதி தீர்ந்த நீலக் கேன், இன்னொரு கையில் காலித் தண்ணீர் பாட்டில். பேனாக்கத்தியால் பாட்டிலின் தலையை அறுத்து, கவிழ்த்து, புனலாக்கினார். பானெட்டைத் திறக்கும் கொக்கி இவர் விரலுக்குச் சிக்கவில்லை, உறைந்திருந்தது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் துழாவித் திறந்தார். கேனில் இருந்ததை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். அவருக்கு வேண்டாமா என்று இவர் கேட்டதற்கு, லாரியில் இன்னொன்று இருக்கிறது என்றார். இருந்ததோ, எங்களுக்காகச் சொன்னாரோ.

அத்தோடு போயிருந்தாலே போதும். வைப்பரைத் தூக்கி நிறுத்தினார். ரப்பரில் ஒட்டியிருந்த ஐஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் ஒரே இழுப்பில் உருவினார். முருங்கைக்கீரை உருவுகிற மாதிரியே இருந்தது. அப்புறம் முன்னால் குனிந்து இரண்டு ஹெட்லைட்டையும் சட்டைக் கையால் துடைத்தார். இந்தக் காலத்து எல்இடி விளக்கு சூடாகாது, மேலே படியும் பனி தானாக உருகாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அத்தனை நேரம் பாதி வெளிச்சத்தில் வந்திருக்கிறோம்.

இவர் நெகிழ்ந்துபோய், "உங்கள் பின்னாலேயே வரட்டுமா, பாஜி?" என்றார், பஞ்சாபியில் அண்ணா என்கிற மாதிரி. அவர் கையை வேகமாக ஆட்டினார். "பின்னால் வராதே. என் டயர் உன் கண்ணை மறுபடி மூடும். நீ முன்னால் போ. மெதுவாகப் போ. நான் பின்னால் இருக்கிறேன்."

திறந்தார்கள். போனோம். பார்வை தெளிவாக இருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தால் தூரத்தில், நெருங்காமல், விலகாமல், மேலே வரிசையாக மஞ்சள் விளக்கு வைத்த ஒரு லாரி. கணவாய் உச்சி, அப்புறம் பனிச்சரிவுக்காகக் கூரை போட்ட சுரங்கம் மாதிரியான பாதைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து வெளியே வந்ததும் நான் திரும்பிப் பார்ப்பேன். விளக்கு வரும். அவர் லாரிதானா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான் வேறு யார் என்று நினைக்கவும் தயாராயில்லை. ரெவல்ஸ்டோக்கில் நாங்கள் ஊருக்குள் திரும்பினோம். லாரி ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு நேராகப் போய்விட்டது. அப்போதுதான் நான் அழுதேன். வண்டி சுற்றியபோதுகூட அழவில்லை.

இவருக்கும் ஒரு நன்றி பாக்கி. கேனைக் கராஜில் வைத்தது யார் என்று அந்த வரிசையிலும் சொல்லிக்காட்டவில்லை, இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை. எப்போது எடுத்து வீசப்போகிறாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று அந்தப் பானையில் பொங்கல் பொங்கியது. இன்று மாட்டுப் பொங்கல். மாடில்லாத ஊரில் தம்பி மகள் எங்கள் காருக்குப் பொட்டு வைத்து மஞ்சள் கொத்து கட்டியிருக்கிறாள். காலையில் தம்பி வாங்கி வந்த புது நீலத் தண்ணியை நானே ஊற்றினேன். டேங்கின் அடியில் அவர் ஊற்றியதில் கொஞ்சம் கிடந்தது. அதன்மேலேயே ஊற்றினேன், உறைமோர் மாதிரி. எங்கள் அம்மா வீட்டில் உறைமோர் தீர்ந்ததாகச் சரித்திரமில்லை. கடைசிக் கரண்டி போவதற்குள் அடுத்த பால் வந்துவிடும். இந்த டேங்கையும் அப்படித்தான் வைத்திருக்கப்போகிறேன்.

சனிக்கிழமை அதே பாதையில் திரும்புகிறோம். டிக்கியில் நான்கு கேன் நிற்கும். பானை என் மடியில் வரும்.