முடியாது என்றால் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 3 வந்தால் மாற்றுத்திறனாளிகள் தினம் என்று உதவி உபகரணம் வழங்கும் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வருகின்றன, நல்லதுதான். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளை எங்கள் கோத்தகிரி மேட்டில் யார் ஏற்றுவது என்று கொடுப்பவரும் யோசிப்பதில்லை, படம் எடுப்பவரும் யோசிப்பதில்லை. அது கிடக்கட்டும், நான் எழுத வந்தது வேலையைப் பற்றி.

எங்கள் லைன் வீடுகளில் ஒரு பெண், பி.காம் முடித்தவள், பிறவியிலேயே காது கேட்காது. இங்குள்ள ஒரு டீ ஃபேக்டரியில் பேக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பாவோடு போய்க் கேட்டிருக்கிறாள். மேனேஜர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அப்பாவிடமே, "மெஷின் ஓடுற இடம்ங்க, சைரன் அடிச்சா கேக்காது, லாரி ரிவர்ஸ் வந்தா யார் பதில் சொல்றது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் ஃபேக்டரியில் பல வருஷம் வேலை பார்த்தவன்தான். இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது, இலை போதும், பெல்ட்டை நிறுத்து, டீ வந்தாச்சு என்று எல்லாவற்றுக்கும் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். காது நன்றாகக் கேட்கும் நாங்களே ஷிப்ட் முழுக்க சைகையில் ஓட்டினோம், அந்தப் பெண்ணுக்கு மட்டும் அது ஆபத்தாம்! சைரனோடு சேர்ந்து எரிகிற மாதிரி சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டினால் தீர்ந்தது. நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துவிடுவார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது, 2017 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-ஆவது பிரிவு, ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது, ஆனால் நியாயமான நோக்கத்துக்காக, தேவையான அளவுக்கு மட்டும் அப்படிச் செய்ததாகக் காட்டினால் தப்பில்லை என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. "பாதுகாப்பு, பாதுகாப்பு" என்று இவர்கள் நழுவுவது அந்தக் கதவு வழியாகத்தான். பலருக்குத் தெரியாத விஷயம் இந்தச் சட்டத்துக்கான 2017 விதிகளில் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனமாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் ஒன்று நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லையென்றால் தாங்கள் செய்தது எப்படி நியாயம் என்று அவருக்கு எழுத்தில் தர வேண்டும். வாயால் யாரும் எதையும் சொல்லிவிடலாம். ஒரு விளக்கு மாட்ட முடியாததால் வேலை இல்லை என்று கம்பெனி லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட எந்த மேனேஜருக்குக் கை வரும்? விளக்குச் செலவை அந்தப் பெண் தலையில் கட்டக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அப்புறமும் சரிவராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம், அவர் 60 நாளுக்குள் முடிக்க வேண்டும், விதிவிலக்கான வழக்குகளில் 30 நாளுக்குள்ளேயே முடிக்கலாம்.

சட்டத்திலேயே ஓட்டை இருக்கும் இடமும் உண்டு. வேலையில் இருக்கும்போது ஊனமானவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது, அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். கொழுந்து பறிக்கப் போன இடத்தில் காட்டெருமை முட்டி இடுப்பு போனால், அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் தனியார் எஸ்டேட்டில் அதே கொழுந்தைப் பறித்தவருக்கு அந்தப் பிரிவு கிடையாது. காட்டெருமை என்ன, எந்தக் கம்பெனி என்று கேட்டுவிட்டா முட்டுகிறது? கரடியும் யானையும் சிறுத்தையும் நடமாடும் எங்கள் மாவட்டத்தில் இந்த வித்தியாசம் அநியாயம், எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் இதைப் பேச வேண்டும்.

அபராதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்தை முதல் தடவை மீறினால் 10,000 ரூபாய் வரை, திரும்பத் திரும்ப மீறினால்தான் 50,000-இல் இருந்து 5 லட்சம் வரை. பத்தாயிரத்துக்கு எந்த முதலாளி பயப்படுவார்?

தங்கள் பத்திரிகை ஒன்று செய்யலாம். ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடமென்றால் எந்தெந்த வேலை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது, என்ன வசதி தருகிறோம், இதைக் கவனிக்கும் அதிகாரி யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வெப்சைட் இல்லாவிட்டால் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும், ஒரு நகலை மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். நான் வேலை பார்த்த ஃபேக்டரி நோட்டீஸ் போர்டில் போனஸ் அறிவிப்பும் லீவு பட்டியலும் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. நீலகிரியில் எத்தனை டீ ஃபேக்டரி, ஓட்டல், தனியார் பள்ளி இந்த நகலைப் பதிவு செய்திருக்கின்றன என்று உங்கள் நிருபர் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு மனுப் போட்டால், வருகிற பட்டியலை அப்படியே அச்சில் போடுங்கள். பெயர் இல்லாத ஃபேக்டரிகளிடம் ஏன் இல்லை என்று நாங்கள் போய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டீ ஃபேக்டரி ஊழியர்,
கோத்தகிரி.