பிளாட்பெட் கேட்டேன், கயிறு அனுப்பினீர்கள்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்பு,
சாலையோர உதவிப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: திருநெல்வேலி மாவட்டம் மூன்றடைப்பில் நின்றுபோன என் ஆட்டோமேட்டிக் காரை விதிகளை மீறிக் கயிறு கட்டி இழுத்தது, அதனால் என் பெயரில் விழுந்த அபராதம், கியர்பாக்ஸ் சேதம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த விஷயத்தைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், ஆப்பில் எழுதிவிட்டேன், மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன், மதுரை வரை நேரில் போயும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் வந்து "என்ன பிரச்சினை சார், முதல்ல இருந்து சொல்லுங்க" என்கிறார். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. யார் தீர்த்தார்கள், எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. அதனால்தான் இதை எழுத்தில் வைத்து, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

வள்ளியூரிலிருந்து என் அம்மாவைப் பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். நாங்குநேரி டோல் தாண்டி, மூன்றடைப்புப் பக்கம் வரும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து ஆவி கிளம்பியது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். அந்த நேரத்தில் காருக்கு இருந்த கோளாறு ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான்.

உங்களை அழைத்தேன். வண்டி ஆட்டோமேட்டிக், காரை அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. சாலையோர உதவித் திட்டத்தை விற்ற அன்றே மாடல், சேஸிஸ் எண் எல்லாம் வாங்கிப் பதிந்துகொண்டவர்கள் நீங்கள். 'பிளாட்பெட் ஒதுக்கப்பட்டது' என்று ஆப்பிலும் காட்டியது. அந்தப் படம் இத்துடன் இருக்கிறது. சாலை நான்குவழிச்சாலை, நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்தால் டோல் கிரேன் வந்து பாதுகாப்பான இடத்துக்காவது நகர்த்திவிடுமே என்று கேட்டேன். "வேற யாராவது வண்டியைத் தொட்டா கவரேஜ் கேன்சல் ஆயிடும் சார்" என்று உங்கள் ஆள் தடுத்தார். சரி என்று வெயிலில் காத்திருந்தோம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. எழுபது தாண்டிய அம்மா, "எய்யா, எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் நேரம் தவறப் போகிறது என்று, நாங்குநேரியில் இருக்கும் மச்சினனை வரச்சொல்லி காருக்குக் காவல் வைத்துவிட்டு, நான் அம்மாவை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பாளையங்கோட்டை போய்ச் சேருவதற்குள் உங்களிடமிருந்து அழைப்பு. "ரெக்கவரி வண்டி வந்திருச்சு, ஓடிபி சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். பிளாட்பெட் வந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்ததோ ஒரு லோடு வண்டி. அதில் ஒரு நைலான் கயிறு, ஒரு டிரைவர், ஒரு பையன்.

இனி நடந்ததற்கு மச்சினன் பைக்கில் பின்னாலேயே போய் எடுத்த வீடியோ சாட்சி. உங்கள் டிரைவர் கயிற்றைக் கட்டினார். மச்சினன் தடுத்ததற்கு, "ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி, தினமும் பண்ற வேலை" என்றார். பிறகு அந்தப் பையனைப் பார்த்து, "ஏல, ஏறி ஸ்டியரிங்க பிடிச்சுக்கோ" என்றார். உரிமம் இல்லாத பையன். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவதுபோல என் காரை நான்குவழிச்சாலையில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஐயா, இன்ஜின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்யாது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மூன்று மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். முன்னால் லோடு வண்டி சடாரென நின்றால், பழக்கமுள்ளவனே முழு பலத்தையும் காலில் போட்டு மிதிக்க வேண்டும். பக்கத்தில் கன்னியாகுமரிக்கும் மதுரைக்கும் பேருந்துகளும் லாரிகளும் பறக்கிற சாலையில் ஒரு சின்னப் பையனை அந்த இருக்கையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

ரெட்டியார்பட்டி அருகே ரோந்துப் போலீஸ் நிறுத்தினார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். உரிமம் எங்கே என்று கேட்டார்கள். பையன் முழித்தான். உங்கள் டிரைவர், "அவன் ஓட்டல சார், சும்மா உக்காந்திருந்தான்" என்றாராம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(9) என்ன சொல்கிறது? இழுத்துச் செல்லப்படும் வண்டியில் ஸ்டியரிங் பிடித்திருப்பவரும் ஓட்டுநர்தான். சட்டத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. வண்டி இழுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது தெரியாதா?

உரிமமில்லாதவரை ஓட்டவிட்டதாக, பிரிவு 180-இன் கீழ் 5,000 ரூபாய் செலான் என் பெயரில் வந்திருக்கிறது. வண்டி என் பெயரில் இருப்பதால் உரிமையாளர் நான். அந்தப் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. பையனுக்குப் பதினெட்டு நிரம்பியிருந்தது ஆதாரில் தெரிந்ததால் அந்த மட்டோடு போயிற்று. நிரம்பாதவனாக இருந்திருந்தால் பிரிவு 199ஏ. 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, பன்னிரண்டு மாதத்துக்கு வண்டியின் பதிவு ரத்து. நினைத்தாலே வயிறு கலங்குகிறது. வள்ளியூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்துக் கௌரவமாகப் பிழைத்து வருகிறேன். என் பெயரில் இதுவரை ஒரு செலான் கிடையாது. இன்றைக்கு ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை.

இதை எல்லாம் உங்கள் உதவி மையத்தில் ஒருவரிடம் சொன்னேன். மேற்பார்வையாளர் என்று சொல்லிக்கொண்டவர். நான் பேசி முடிக்கவும் விடாமல் அவர் சொன்ன வார்த்தை: "கார் வாங்கத் தெரியுது, கயிறு கட்டத் தெரியாதா? ஊர்ல எல்லாரும் இப்படித்தான் இழுத்துட்டுப் போறாங்க. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?" இந்தப் பேச்சைப் பதிவு செய்திருப்பதாக உங்கள் இயந்திரக் குரலே ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் சொல்கிறது. எடுத்துக் கேளுங்கள். என் வயதுக்கு என்னை இப்படி யாரும் பேசியதில்லை. காசு கொடுத்துத் திட்டம் வாங்கியவனிடம் பேசுகிற பேச்சா இது? அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தனிச் சட்டம் இல்லை, எல்லாருக்கும் ஒரே சட்டம். 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளிலேயே இது எழுதப்பட்டிருந்தது. பழுதான வண்டியை இழுக்கும்போது அதன் ஓட்டுநர் இருக்கையில் அந்த வண்டிக்கான உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் முன்சக்கரங்களைக் கிரேன் போன்ற சாதனத்தால் தரையில் படாமல் உறுதியாகத் தூக்கியிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். பின்னால் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' (இழுத்துச் செல்லப்படுகிறது) என்று எழுதித் தொங்கவிட வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அன்றே வைத்தார்கள். 2017-இல் அதற்குப் பதிலாகப் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. அதிலும் வண்டி இழுப்பதற்கென்று தனி விதி உண்டு. அந்த ஒழுங்குமுறைகளை மீறினால் பிரிவு 177ஏ-இன் கீழ் 500-லிருந்து 1,000 ரூபாய் வரை அபராதம்.

வீடியோவைப் பாருங்கள். பலகை எங்கே? கயிறு தார்ச்சாலை நிறத்திலேயே கறுப்பாக இருக்கிறது, பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. பைக்கில் குறுக்கே புகுந்தவன் கழுத்தில் மாட்டியிருந்தால் என்ன ஆகும்? பின்னால் போன மச்சினனின் பைக் மீட்டர் ஐம்பதைத் தாண்டியது.

கியர்பாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். முன்சக்கரங்கள் தரையில் உருள, ஆட்டோமேட்டிக் காரை அவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது என்று கார் கையேட்டில் போட்டிருக்கிறது. உங்கள் திட்டப் புத்தகத்திலும் ஆட்டோமேட்டிக்குக்குப் பிளாட்பெட் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். இன்ஜின் ஓடினால்தான் உள்ளே ஆயில் பம்ப் சுற்றும். அது நின்றிருக்க, சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே இருப்பது எண்ணெய் இல்லாமல் தேயும். வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் ஹோஸ் மாற்றிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனது, ஆனால் கியர் விழும்போது தூக்கிப் போடுகிறது, ரிவர்ஸ் பிடிக்கவில்லை. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டின் நகல் இத்துடன் இருக்கிறது. அந்தத் தொகையைப் பார்த்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆயுள் முழுக்கச் சேர்த்த சேமிப்பை அழித்தது போலத்தான் இது.

உங்கள் பதில் என்ன? "ஓடிபி கொடுத்தீர்கள், எனவே இழுக்கும் முறைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டீர்கள்." ஆறு இலக்க எண் எதற்கு ஒப்புதல்? வண்டி வந்து சேர்ந்ததற்கு. உரிமமில்லாத பையனை உட்காரவைக்கவா, கறுப்புக் கயிறு கட்டவா நான் ஓடிபி கொடுத்தேன்?

மதுரைப் பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அசல் ஆவணங்களுடன் மண்டல அலுவலகத்துக்கு வரச் சொன்னது நீங்கள். கடையைப் பூட்டிவிட்டு விடியற்காலை பஸ் ஏறி வந்தேன். மாடியில் ஒரு நாற்காலியில் மத்தியானம் வரை உட்காரவைத்தார்கள். ஒரு வாய்த் தண்ணீர் தரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து வந்த ஒரு பெண் அலுவலர், பைலைத் திறந்துகூடப் பார்க்காமல், "இங்கே புகார் வாங்குறதில்லை, மெயில் பண்ணிடுங்க" என்றார். மெயில் பண்ணி, பதில் வராமல்தானே வந்தேன்! அப்படியென்றால் வரச் சொன்னவர் யார், எதற்காக வரச் சொன்னார்? இதற்கு மட்டுமாவது எழுத்தில் பதில் வேண்டும். அன்றைய வியாபாரம் போனது, அம்மாவுக்கு மருந்து வாங்க ஆள் இல்லாமல் போனது.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. மூன்று வருடமாகத் தவறாமல் புதுப்பித்து வந்தவன் நான், மற்றவர்களுக்கும் உங்கள் திட்டத்தைச் சொல்லி வாங்க வைத்தவன். செலான் தொகை, கியர்பாக்ஸ் வேலைக்கான முழுச் செலவு, வண்டி இல்லாத இத்தனை நாளும் நான் கொடுத்த டாக்சி வாடகை, மதுரை போய்வந்த செலவு, இவற்றைத் தாருங்கள். அந்த மேற்பார்வையாளர் என்னிடம் பேசிய பேச்சுக்கு எழுத்தில் மன்னிப்பு கேட்க வேண்டும். நெல்லைப் பக்கம் நீங்கள் வேலை கொடுத்திருக்கும் ரெக்கவரி வண்டிகளில் பலகையும் உரிமமுள்ள ஆளும் இருக்கிறார்களா என்று ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். இதெல்லாம் நியாயமான கோரிக்கை என்றே நம்புகிறேன்.

கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு நேராகத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு வர வேண்டியதில்லை. வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம். திட்டத்துக்கு நான் கொடுத்த தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, நான் இரண்டு வாரம்கூட எடுக்க மாட்டேன். அங்கே மன உளைச்சலுக்கும் சேர்த்துத்தான் கேட்பேன்.

இனி தொலைபேசியில் யாரும் அழைக்க வேண்டாம். பதில் கடிதமாக, பொறுப்பான ஒருவரின் கையெழுத்துடன் வரட்டும்.

இப்படிக்கு,
வள்ளியூர் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆப் படம், செலான் நகல், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட், வீடியோ உள்ள பென் டிரைவ்.

பின்குறிப்பு: இந்தப் பணத்தை அந்தப் பையனின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஏறச் சொன்னதால் ஏறினான். அனுப்பியவர்கள் நீங்கள், நீங்கள்தான் தர வேண்டும்.