கருந்துளை ஒரே வகையன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிவியல் பக்கத்தில் கருந்துளைகளைப் பற்றி வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசித்து வருகிறேன். விண்மீன் மடிந்து உருவாகும் கருந்துளைகளை விரிவாக விளக்கும் அக்கட்டுரைகள், மீச்சமச்சீர்மைக் கோட்பாடுகளில் (பொருளாக அமையும் துகள்களையும் விசை கடத்தும் துகள்களையும் இணைசேர்க்கும் கோட்பாடுகளில்) வரும் கருந்துளைகளை மட்டும் 'கணிதக் கற்பனை' என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. இது முறையன்று.

மின்னூட்டம் கொண்ட, சுழலாத கருந்துளைக்கு உள்ளும் புறமுமாக இரண்டு எல்லைகள் உண்டு; வெளி எல்லையைக் கடந்து உள்ளே சென்ற எதுவும், ஒளியும்கூட, திரும்பாது. நிறை மாறாமல் மின்னூட்டம் ஏற ஏற அவை நெருங்கிவந்து, உச்ச அளவில் ஒன்றாகிவிடும். அப்போது கருந்துளை வெளியிடும் கதிர்வீச்சின் வெப்பநிலையான ஹாக்கிங் வெப்பநிலை சுழியமாகும். ஒரே குறி மின்னூட்டமுள்ள இத்தகைய இரு கருந்துளைகளை அருகருகே வைத்தால், ஈர்ப்பு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே மின்விசை விலக்குவதால், இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். 1947-இல் இயற்பியலாளர்கள் மஜும்தாரும் பாபபெட்ருவும் தனித்தனியே கண்ட தீர்வு இது. இச்சமநிலைக்கும் மீச்சமச்சீர்மைக்கும் உள்ள உறவு 1980-களில்தான் வெளிப்பட்டது.

இப்படி மீச்சமச்சீர்மையோடு உறவுடைய கருந்துளைகளால் விளைந்த பயன் பெரிது. கருந்துளையின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு), தகுந்த அலகுகளில், அதன் எல்லைப் பரப்பில் கால் பங்கு என்பது 1970-களிலேயே தெரியும். ஆனால் அந்த என்ட்ரோபி எந்த நுண்நிலைகளின், அதாவது வெளியில் ஒன்றுபோலத் தெரியும் எந்த உள்ளமைப்புகளின், கணக்கு என்பது விளங்கவில்லை. 1996-இல் இயற்பியலாளர்கள் ஸ்ட்ராமிங்கரும் வாஃபாவும் ஐந்து பரிமாண மீச்சமச்சீர்க் கருந்துளை ஒன்றின் நுண்நிலைகளை துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகக் கருதும் இழைக்கோட்பாட்டின் வழியே எண்ணி, அதே கால் பங்கை அடைந்தார்கள். ஈர்ப்பு வலுவிழந்த, எண்ணுவதற்கு எளிதான நிலையில் பெற்ற கணக்கு, ஈர்ப்பு வலுத்துக் கருந்துளையான பிறகும் செல்லுபடியாகிறது என்றால், அதற்குக் காரணம் மீச்சமச்சீர்மையே.

பின்னணி வெளியின் வளைவும் வகைகளை மாற்றிவிடுகிறது. தட்டையான நான்கு பரிமாண வெளியில் மீச்சமச்சீர்க் கருந்துளை சுழலாது. எதிர்மறை வளைவுடைய ஆன்டி டி சிட்டர் வெளியிலோ, மின்னூட்டம் மட்டுமுள்ள எளிய மாதிரியில், அது சுழன்றே ஆக வேண்டும். சுழலாவிட்டால் எல்லை உருவாகாமல், மையத்து ஒருமை (வளைவு எல்லையற்றதாகும் இடம்) திரையின்றி வெளிப்பட்டுவிடும். எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

மீச்சமச்சீர்மைக்கு இன்றுவரை சோதனைச் சான்று கிடைக்கவில்லை என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதைச் சொல்லும் அதே கட்டுரையில், 1996-ஆம் ஆண்டுக் கணக்கிற்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்