தாழ்ப்பாள் இடப்பக்கம்தான், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று இரவு மின்னஞ்சல் வந்தது. கணினி விளையாட்டுப் போட்டிக்கு இந்த வருடமும் நடுவராக வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மாட்டேன் என்று எழுதிவிட்டேன். அதை எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது.

இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வாட்ஸப்பில் சொன்னேன். நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை. தவிர, நீ செய்த விளையாட்டுக்கு மதிப்பெண்ணை எல்லார் முன்னாலும்தான் போட்டேன், மன்னிப்பை மட்டும் மறைவாகக் கேட்பது முறையில்லை. போட்டியை யார் நடத்தினார்கள், யாருக்குக் கொடுத்தோம் என்பதை இங்கே எழுத மாட்டேன். பங்காளிகள் படிப்பார்கள். ஜெயித்த பையன் மேல் ஒரு தப்பும் கிடையாது.

மேடையும் கைதட்டலும் எனக்கு மங்கிவிட்டன. மங்காமல் இருப்பது பள்ளத்தூர் வீட்டு வளவில் அந்த மதியம். சாப்பிட்ட இலையை எடுத்தாகிவிட்டது, முற்றத்து வெயில் தூண் வரை வந்திருந்தது. நீ லேப்டாப்பை முக்காலியில் வைத்து அப்பத்தா கையில் மவுஸைக் கொடுத்தாய். சொம்பு மூடியைப் பிடிப்பதுபோல ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டார்கள். அந்த வீட்டையே வரைந்து நீ செய்த விளையாட்டு அது. திரையில் முகப்பைத் தாண்டி, பட்டாலையைத் தாண்டி, தூண் தூணாக நடந்து இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சாமான் அறைக் கதவு முன்னால் நின்றார்கள். நகரவே இல்லை. மாட்டிக்கொண்டது என்று நினைத்து நீ குனிந்தாய். அப்பத்தா சொன்னார்கள்:

"தாப்பாள் இந்தப் பக்கம் இல்லை ஆத்தா. இடப்பக்கம். வலது கையிலதான் விளக்கு இருக்கும்ல?"

அந்தக் கதவு காரைக்குடி பழைய சாமான் கடைக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நீ பிறக்கும் முன்னாலேயே போய்விட்டது. அப்பத்தாவின் கைக்கு மட்டும் அது நினைவிருந்தது.

அன்றைக்கு ராத்திரி நீ தூங்கவில்லை. தாழ்ப்பாளை மாற்றி வரைந்ததோடு விடாமல், ஆடுகிறவர் வலது கையில் விளக்கைப் பிடித்து, சுடர் அணையாமல் நிதானித்து, இடது கையால் தள்ளித் திறக்கும்படி எல்லாக் கதவையும் மாற்றினாய். ஒவ்வொரு கதவுக்கும் நாலைந்து விநாடி கூடியது. காலையில் எனக்குக் காட்டினாய். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, உனக்கு ஞாபகம் இருக்கும்.

அதே நான்தான் மதிப்பெண் தாளில் "வேகம் குறைவு" என்று எழுதினேன். பத்துக்கு நாலு.

ஏன் என்று சொல்கிறேன். தங்கச்சிக்குப் போட்டுவிட்டான் என்று பேசுவார்களே என்று பயந்தேன். உறவு என்று முதலிலேயே சொல்லி எழுந்து போயிருக்க வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தேன், நியாயமானவன் என்று காட்ட உன்னைக் குறைத்தேன். அந்தத் தாளில் நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் விளையாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதற்கு. உன்னுடையது சில நூறு, ஜெயித்த பையனுடையது லட்சங்களில். அந்த நாற்பதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

இனி எழுதுவது உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விற்பனைக்குப் பரிசு ஏற்கெனவே வந்துவிட்டது, காசாக. அதையே இன்னொரு முறை எண்ணிப் பார்த்துக் கோப்பை கொடுக்க நடுவர் எதற்கு? கணக்குப்பிள்ளை போதும். பிரிட்டனின் பாஃப்டா விருதில், 2018இல், செல்டா, மரியோ என்று பெரிய விளையாட்டுகள் போட்டியில் இருக்கும்போது, ஒரு குடும்பம், ஒரு வீடு, அடைத்து மூடிய அறைகள் என்று இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் 'வாட் ரிமெயின்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்'சுக்குச் சிறந்த விளையாட்டு விருதைக் கொடுத்தார்கள். 2020இல் அதே விருது 'அவுட்டர் வைல்ட்ஸ்'க்குப் போனது. ஒரு மாணவனின் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது அது. கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி வேகவைக்கும் நம் தமிழ் அம்மாவின் கதையைச் சொல்லும் 'வெண்பா' விளையாட்டு 2024இல் பாஃப்டாவின் முதல் படைப்பு விருதையும், சான் பிரான்சிஸ்கோவில் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும் வாங்கியது. அங்கே யாராவது இறக்கியவர்களை எண்ணிக்கொண்டிருந்தால் இட்லிக் கொப்பரை அடுப்பை விட்டே இறங்கியிருக்காது.

நிறைய விற்றதெல்லாம் மட்டம் என்று சொல்லவில்லை. 'எல்டன் ரிங்' விளையாட்டு கோடிக்கணக்கில் விற்றது, 2022இல் 'கேம் அவார்ட்ஸ்' என்ற விளையாட்டு விருது விழாவில் ஜெயித்தது, அதற்குத் தகுதியும் இருந்தது. அங்கே நடுவர்களுக்கு 90 சதவீதம், பொதுமக்கள் வாக்குக்கு 10. மக்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கும் பிரிவு தனியாக உண்டு. நம் தேசியத் திரைப்பட விருதிலும் ஜனரஞ்சகப் படத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பிரித்து வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே தாளில் கலந்தால் எண்ணிக்கைதான் எப்போதும் ஜெயிக்கும், ஏனென்றால் அதை யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

சரி, ஒன்று கேட்கிறேன். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் என்னை "விளம்பரத்துக்கு நடுவில் விளையாட்டு விற்கிறவன்" என்றாயே, எட்டுப் பேர் முன்னால். அந்த விளம்பரக் காசில்தான் உன் லேப்டாப் வந்தது. அப்பத்தா கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்ததும் அதில்தான். கலை கலை என்று நீ ராத்திரி முழுக்க உட்கார முடிந்தது, யாரோ ஒருத்தன் காலையில் வேலைக்குப் போனதால். இதை எந்த நடுவரும் எந்தத் தாளிலும் எழுத மாட்டார்.

எழுதியபின் அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை. மூன்று வருடம் உள்ளே இருந்தது. ஆனால் அதற்கும் அந்த நாலு மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுப்புக் கடிதத்தில் மூன்றே வரிதான் எழுதினேன். அந்த நாற்பதை எடுத்துவிடுங்கள், வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு கோப்பை வையுங்கள். சொந்தக்காரர் இருந்தால் நடுவர் எழுந்து போகட்டும். நான் அப்படிப் போகாதவன், அதனால் இனி வரமாட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பத்தா திவசம். பெரிய சாவி என்னிடம் இருக்கிறது, காலை ஐந்து மணிக்குத் திறந்துவிடுவேன். விளையாட்டை நீ எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டாய். நடுவர்களுக்கு அனுப்பிய பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று அதில் இரண்டாம் கட்டு வரை போனேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அழித்துவிடு என்று நீ சொன்னால் அழித்துவிடுகிறேன். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை லேப்டாப்பை எடுத்து வருகிறேன், முக்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது.

அண்ணன்